கூச்சல் போடுவதற்கு முன்பே தோற்றுப்போனவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், ஒரே நொடியில் அரசியல் வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் என்று முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில கவர்னராக இருந்த ஹோவர்ட் டீனுக்கு ஒரு பெட்டிச் செய்தி. 2004-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் இவர்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மேடையில் நின்று ஒரு கத்து கத்தினார், அன்றோடு கதை முடிந்தது, அப்புறம் ஆளையே காணோம். இதுதான் நீங்கள் எழுதியிருப்பதன் சாரம். இருபது வருஷமாக எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள், உங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இது தப்பு. அவர் கத்தியது உண்மை. கத்தியதால் தோற்றார் என்பதுதான் சரியில்லை, ஏனென்றால் தோற்ற பிறகுதான் கத்தினார்.

தேதியைப் பாருங்கள். அயோவா மாநிலத்தில் காக்கஸ் (அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று ஊர் ஊராகக் கூடி முடிவு செய்கிற கூட்டம்) நடந்தது 2004 ஜனவரி 19 மாலை. போட்டியிட்டவர்களில் ஜான் கெர்ரிக்கு 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸுக்கு 32, டீனுக்கு 18, டிக் கெப்ஹார்ட்டுக்கு 11. முதலிடம் என்று எதிர்பார்க்கப்பட்டவர் முதலிடத்தில் பாதிகூட வாங்காமல் மூன்றாவதாக வந்தார். இந்த முடிவு தெரிந்த பிறகு, வெஸ்ட் டெமாயினில் ஒரு நடன அரங்கில் கூடியிருந்த தன் தொண்டர்களைத் தேற்றுவதற்காகப் பேசிய பேச்சில்தான் அந்தக் கூச்சல் வந்தது. கூச்சலைக் கேட்டுவிட்டு அயோவாக்காரர்கள் அவரைத் தள்ளிவைக்க வழியே இல்லை. அவர்கள் வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

சரி, அப்படியானால் ஏன் தோற்றார்? அதுதான் சுவாரசியமான கதை, உங்கள் பெட்டிச் செய்தியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

டீன் ஒரு டாக்டர். வெர்மான்ட்டில் துணை கவர்னர் என்பது பகுதி நேர வேலை மாதிரிதான், அதனால் அந்தப் பதவியில் இருந்துகொண்டே கிளினிக்கும் நடத்தினார். 1991 ஆகஸ்ட்டில் கவர்னர் ரிச்சர்ட் ஸ்னெல்லிங் திடீரென்று இறந்துபோக, அந்தத் தகவல் வந்தபோது டீன் நோயாளி ஒருவரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அன்று ஏறிய நாற்காலியில் 2003 ஜனவரி வரை இருந்தார். (நம் ஊர் ஆளுநரை நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள். அங்கே கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்குச் சமம்.) ஆறு லட்சம் பேர்தான் உள்ள மாநிலம். வரவு செலவைச் சமமாக வைத்தே தீர வேண்டும் என்ற சட்டம் இல்லாத ஒரே அமெரிக்க மாநிலமும் அதுதான், அங்கேயும் மனிதர் பற்றாக்குறை இல்லாமல் பட்ஜெட் போட்டுக்கொண்டே இருந்தார். துப்பாக்கி வைத்திருப்போர் சங்கம் இவருக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தது. குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கினார். 2000-ல் ஒரே பால் இணையருக்குச் சட்ட அங்கீகாரம் தரும் மசோதாவில் கையெழுத்திட்டார், விழா எதுவும் எடுக்காமல் மூடிய அறைக்குள். மொத்தத்தில் நடுவழிக்காரர். பின்னால் தீவிர இடதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டவரின் பழைய ஜாதகம் இதுதான்.

தேசிய அளவில் அவரைத் தூக்கிவிட்டது இராக் போர். 2002 அக்டோபரில் போருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் வந்தபோது கெர்ரி, எட்வர்ட்ஸ், கெப்ஹார்ட், லீபர்மன் எல்லோரும் ஆதரித்து வாக்களித்தார்கள், நான்கு பேருமே அப்புறம் அதிபர் வேட்பாளர் போட்டியில் நின்றார்கள். டீன் நாடாளுமன்றத்தில் இல்லாதவர், வாக்களிக்க வேண்டிய சங்கடம் இல்லை, அது அதிர்ஷ்டம்தான். ஆனால் போர் வேண்டாம் என்று தெருவில் இறங்கிய கட்சிக்காரர்களுக்கு வாய் திறந்து பேச ஓர் ஆள் தேவைப்பட்டபோது, 2003 தொடக்கத்தில் கட்சிக் கூட்டத்திலேயே போய், நம் தலைவர்கள் ஏன் புஷ்ஷுக்கு ஜால்ரா போடுகிறார்கள் என்கிற தோரணையில் கேட்டாரே, அந்தத் துணிச்சல் அதிர்ஷ்டம் இல்லை.

அப்புறம் இணையம். ஃபேஸ்புக்கும் யூடியூபும் பிறப்பதற்கு முந்தைய காலம் என்பதை நினைவில் வையுங்கள். மீட்அப் என்ற தளத்தின் வழியாக ஆதரவாளர்கள் தாங்களாகவே ஊர் ஊராகச் சந்தித்துக்கொண்டார்கள், பிரசார மேலாளர் ஜோ ட்ரிப்பி அதைப் பிடித்துக்கொண்டார். துணை அதிபர் டிக் செனி தலைக்கு 2,000 டாலர் வசூலித்து விருந்து வைத்த நேரத்தில், டீன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வான்கோழி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தார், அதைக் காட்டி இணையத்தில் கேட்டதில் சுமார் 5 லட்சம் டாலர் வந்து குவிந்தது. 2003-ன் மூன்றாவது காலாண்டில் மட்டும் அவர் திரட்டியது 1 கோடியே 48 லட்சம் டாலர். அதற்கு முன் ஜனநாயகக் கட்சியில் காலாண்டுச் சாதனை 1995-ல் பில் கிளின்டன் திரட்டிய 1 கோடியே 3 லட்சம், அவர் அப்போது பதவியில் இருந்த அதிபர். இவரோ குட்டி மாநிலத்தின் முன்னாள் கவர்னர், வந்த பணமும் பெரும்பாலும் நூறு டாலருக்குள் கொடுத்தவர்களின் பணம். வருஷக் கடைசியில் மொத்தம் 4 கோடியைத் தாண்டிவிட்டது. பெரிய தொழிற்சங்கங்கள் இரண்டு நவம்பரில் ஆதரவு தெரிவித்தன, டிசம்பரில் முன்னாள் துணை அதிபர் அல் கோரே வந்து கைகோத்தார். பத்திரிகைகள் பட்டாபிஷேகத்துக்கு நாள் குறிக்காத குறை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பலரும் கவனிக்காதது. அரசு தரும் தேர்தல் நிதியை வாங்கினால் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. பணம் கொட்டுகிறதே என்று டீன் நவம்பரில் அந்த நிதி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆதரவாளர்களிடம் இணையத்தில் வாக்கெடுப்பெல்லாம் நடத்தி. ஒரு வாரத்துக்குள் கெர்ரியும், டீனே விட்டுவிட்டார், எனக்கும் வேண்டாம் என்றார். அரசு நிதி வாங்குகிற வேட்பாளர் தன் சொந்தப் பணத்தில் 50,000 டாலருக்கு மேல் போட முடியாது. வாங்காதவருக்கு அந்தத் தடை இல்லை. கெர்ரி என்ன செய்தார்? பாஸ்டன் வீட்டை அடமானம் வைத்து 64 லட்சம் டாலரைத் தன் பிரசாரத்துக்குக் கடனாகக் கொடுத்தார், அதை வைத்துத்தான் கையில் காசில்லாமல் திணறிக்கொண்டிருந்தவர் அயோவாவில் ஜனவரி வரை தாக்குப்பிடித்தார். டீன் திறந்துவிட்ட கதவு வழியாக எதிராளி உள்ளே வந்தார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். கூச்சலைவிட இது எவ்வளவோ பெரிய விஷயம், ஆனால் இதை வீடியோவாகக் காட்ட முடியாதே!

2004-ல் அயோவா காக்கஸ் எப்படி நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்கு ஒரு பத்தி எழுதியிருக்கலாம். அது பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டுப் போகிற தேர்தலாக இருக்கவில்லை. ஜனவரிக் குளிரில், சாயங்காலம், பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ அக்கம்பக்கத்தார் கூடி, கெர்ரி ஆட்கள் இந்த மூலைக்கு, டீன் ஆட்கள் அந்த மூலைக்கு என்று எல்லோர் கண்ணெதிரிலும் பிரிந்து நிற்க வேண்டியிருந்தது, கிட்டத்தட்ட நம் கிராம சபைக் கூட்டம் போல, யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரிந்தது. பெரும்பாலான இடங்களில் 15 சதவீதத்துக்குக் குறைந்த கூட்டம் உள்ள வேட்பாளர் அந்த இடத்தில் அவுட். அவருடைய ஆட்களை மற்ற மூலைக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் வெளியிட்ட சதவீதமும் தலைகளின் எண்ணிக்கை இல்லை, மாநில மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளின் கணக்கு. ஆகவே அங்கே ஜெயிக்க, உங்களுக்காக உயிரைக் கொடுப்பவர்கள் மட்டும் இருந்தால் போதாது, உங்களை இரண்டாவது விருப்பமாக வைத்திருப்பவர்களும் வேண்டும். டீனுக்கு முதல் வகை நிறைய இருந்தது, இரண்டாவது வகை கிடையவே கிடையாது. இன்னொரு போட்டியாளர் டென்னிஸ் குசினிச் போருக்கு எதிரானவர், கொள்கையில் டீனுக்குத்தான் நெருக்கம். ஆனால் தனக்கு 15 சதவீதம் கிடைக்காத இடங்களில் எட்வர்ட்ஸ் பக்கம் போங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். அப்படித்தான் இருந்தது நிலைமை.

ஏன் யாருக்கும் இரண்டாவது விருப்பமாக இல்லாமல் போனார் என்றால், அதில் பாதி அவர் வாய். தென்மாநிலங்களின் பழைய உள்நாட்டுப் போர்க் கொடியை வண்டியில் ஒட்டியிருப்பவர்களுக்கும் நான் வேட்பாளராக இருக்க விரும்புகிறேன் என்று நவம்பரில் சொல்லி, கறுப்பினத்தவர், தென்மாநிலத்தவர் இரண்டு தரப்பிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டார். டிசம்பரில் சதாம் உசேன் பிடிபட்ட செய்தி வந்த மறுநாளே, இதனால் அமெரிக்காவின் பாதுகாப்பு கூடிவிடவில்லை என்றார். பின்னால் யோசித்தால் அதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் நாடே கொண்டாடிக்கொண்டிருந்த நாளில் சொன்னது. ஜனவரி 8-ல் ஒரு பழைய பேட்டியை என்பிசி டிவி தோண்டியெடுத்துப் போட்டது, 2000-ல் ஒரு கனடா டிவியில் அயோவா காக்கஸ் என்பதே தனிநலக் கூட்டங்கள் ஆட்டிவைக்கிற விஷயம் என்று பேசியிருந்தார். அதே அயோவாவில் போய் நின்றுகொண்டு இதற்கு எப்படிப் பதில் சொல்வது? அடுத்த சில நாட்களில் ஒரு கூட்டத்தில், இவருடைய பேச்சில் குறை சொன்ன ஒரு வயதானவரை உட்காருங்கள், உங்கள் முறை முடிந்தது என்று அதட்டியதும் டிவியில் ஓடியது. இவையெல்லாமே ஜனவரி 19-க்கு முன்னால்.

மீதிப் பாதி கெப்ஹார்ட்டோடு போட்ட சண்டை. கெப்ஹார்ட் 1988-ல் அயோவாவை ஜெயித்தவர், பக்கத்து மிசௌரிக்காரர், இங்கே தோற்றால் அவருக்கு வேறு வழியே இல்லை. மூத்தோர் மருத்துவத் திட்டத்தை டீன் வெட்டப் பார்த்தவர் என்று அவர் விளம்பரம் போட, போருக்கு ஓட்டுப் போட்டவர் இவர் என்று டீன் பதில் விளம்பரம் போட, இருவரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்த வாரங்களில் எட்வர்ட்ஸ் சிரித்த முகத்தோடு, யாரையும் திட்டாமல் பேசிக்கொண்டு போனார். கெர்ரி பக்கம் வியட்நாமில் அவர் ஆற்றிலிருந்து இழுத்துக் காப்பாற்றிய பழைய ராணுவ வீரர், குடியரசுக் கட்சிக்காரர், காக்கஸுக்கு இரண்டு நாள் முன்னால் தானாக வந்து மேடையில் நின்றார். புஷ்ஷை யார் தோற்கடிப்பார் என்ற ஒரே கேள்வியோடு இருந்த கட்சிக்காரர்களுக்கு, இதைவிட வேறென்ன விளம்பரம் வேண்டும்?

ஆரஞ்சுத் தொப்பி விவகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசி வாரங்களில் நாடு முழுவதிலிருந்தும் சுமார் 3,500 தொண்டர்கள் டீனுக்காக அயோவாவில் வந்து இறங்கினார்கள், அடையாளத்துக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி. டெக்சஸிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள், பாவம், நல்ல மனசோடு வந்தவர்கள், ஆனால் பனியில் கதவைத் தட்டுகிற வெளியூர்ப் பையனை அயோவாக் கிழவி எத்தனை தடவைதான் பொறுத்துக்கொள்வாள்? அங்கே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால்தான் எடுபடும். இணையத்தில் லட்சக்கணக்கில் பெயர் கொடுத்தவர்கள் நாடு பூராவும் சிதறிக் கிடந்தார்கள், அயோவாவில் அந்த மாலை எழுந்து வந்தவர்கள் மொத்தமே சுமார் 1 லட்சத்து 24 ஆயிரம் பேர். இந்தக் கணக்கை ட்ரிப்பியின் கூட்டம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது.

கருத்துக்கணிப்பும் இதையேதான் காட்டியது. அயோவா விஷயத்தில் நம்பகமானது என்று பெயர் வாங்கிய டெமாயின் ரெஜிஸ்டர் பத்திரிகையின் கணிப்பு, காக்கஸுக்கு முந்தைய வார இறுதியில் வந்தது: கெர்ரி 26, எட்வர்ட்ஸ் 23, டீன் 20, கெப்ஹார்ட் 18. மூன்றாவது இடம் என்று முன்கூட்டியே அச்சில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இனி அந்தக் கூச்சல். தொண்டை கட்டிப்போன மனிதர், சட்டைக் கையை மடித்துவிட்டு, ஓய்ந்துபோய் நிற்கிற தொண்டர்களை உசுப்பேற்ற, நியூ ஹாம்ப்ஷயருக்குப் போவோம், சவுத் கரோலினாவுக்குப் போவோம் என்று மாநிலம் மாநிலமாக அடுக்கிக்கொண்டே போய் வாஷிங்டனில் வெள்ளை மாளிகையில் முடித்து ஒரு சத்தம் கொடுத்தார். அரங்கம் அதற்கு மேல் கத்திக்கொண்டிருந்ததால் அங்கே நின்றவர்கள் பலருக்கு அது சரியாகக் கேட்கக்கூட இல்லை. அவர் கையில் இருந்தது சுற்றுச் சத்தத்தை வடிகட்டுகிற மைக். டிவிக்குப் போன ஒலியில் கூட்டம் இல்லை, இவர் குரல் மட்டும் தனியாக, வெறி பிடித்தவர் போல. அடுத்த நான்கு நாட்களில் அமெரிக்க டிவி சேனல்கள் அதை 633 தடவை ஒளிபரப்பின. மிகையாகிவிட்டது என்று சேனல்காரர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கூச்சலால் ஒரு சேதமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் பிரைமரி (இது சீட்டுப் போடுகிற கட்சித் தேர்தல்), டிசம்பரில் அங்கே பெரிய வித்தியாசத்தில் முன்னணியில் இருந்தவர், கெர்ரியின் 38-க்கு எதிரே 26 சதவீதத்தோடு இரண்டாவதாக வந்தார். கேலியாகப் பார்க்கப்பட்ட ஒருவர் மறுபடி எழுவது கஷ்டம், நன்கொடை கொடுப்பவரும் தயங்குவார். ஆனால் அயோவாவில் ஜெயித்தவர் நியூ ஹாம்ப்ஷயரில் மேலே ஏறுவதும், எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியவர் கீழே இறங்குவதும் கூச்சல் இல்லாமலே நடக்கிற காரியம். போதாததற்குக் கஜானாவும் காலி. 4 கோடி டாலரில் பெரும்பகுதி முதல் இரண்டு மாநிலங்களிலேயே கரைந்துபோய், ஊழியர்களை இரண்டு வாரச் சம்பளத்தைத் தள்ளிப்போடச் சொல்ல வேண்டி வந்தது. ட்ரிப்பி போனார், அவர் இடத்தில் அல் கோரின் பழைய உதவியாளர் ராய் நீல் வந்தார். பிப்ரவரி 17-ல் விஸ்கான்சினிலும் மூன்றாமிடம், மறுநாள் விலகிக்கொண்டார். விலகிய பிறகு மார்ச் 2-ல் சொந்த மாநிலமான வெர்மான்ட் மட்டும் அவரை ஜெயிக்க வைத்தது, அது பாசம்.

உங்கள் பக்கத்திலேயே இன்னொரு பெட்டியில் டெக்சஸின் முன்னாள் கவர்னர் ரிக் பெரி இருக்கிறார். 2011 நவம்பர் 9-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டிக்கான விவாதத்தில் ஒழிக்கப்போவதாகச் சொன்ன மூன்று துறைகளில் மூன்றாவதை மறந்து 'ஊப்ஸ்' என்று விழித்தாரே, அவர். அங்கேயும் இதே குளறுபடி. ஆகஸ்ட்டில் முதலிடத்தில் நுழைந்தவர் செப்டம்பர் விவாதங்களிலேயே சறுக்கிவிட்டார், சட்டபூர்வ ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணச் சலுகை கொடுத்ததைச் சொந்தக் கட்சிக்காரர்கள் மன்னிக்கவில்லை, 'ஊப்ஸ்' வந்தபோது அவர் ஏற்கெனவே கீழே கிடந்தார். ஆனால் வீடியோ இருக்கிறது, 53 விநாடிதான், போட வசதி. அவர் மறந்த அந்த எரிசக்தித் துறைக்கே 2017-ல் அவரை டிரம்ப் அமைச்சராக்கியதை நீங்கள் ஏன் விட்டீர்களோ தெரியவில்லை, அந்தப் பக்கத்துக்கு அதுதானே ருசி!

டீன் விஷயத்தில் இன்னொன்றும் திருத்த வேண்டியிருக்கிறது. அப்புறம் ஆளையே காணோம் என்கிறீர்கள். 2005 பிப்ரவரியில் அவர் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானார், 2009 ஜனவரி வரை இருந்தார். தேறாது என்று கட்சி கைகழுவியிருந்த மாநிலங்கள் உட்பட ஐம்பதிலும் சம்பளத்துக்கு ஆள் போட்டுக் கட்சி வேலை பார்க்க வைத்தார். வீண் செலவு என்று, கட்சியின் நாடாளுமன்றத் தேர்தல் வேலையைக் கவனித்த ரஹம் எமானுவேல் போன்றவர்கள் மல்லுக்கு நின்றார்கள். 2006-ல் இரு அவைகளும் கட்சி கைக்கு வந்தன. அந்த வெற்றி முழுக்க அவருடையது என்று சொல்ல மாட்டேன், போரின் மேல் இருந்த வெறுப்புக்கும் பங்குண்டு. 2008-ல் ஒபாமா சின்னச் சின்ன நன்கொடைகளை இணையத்தில் திரட்டி, காக்கஸ் மாநிலங்களில் உள்ளூர் ஆட்களை வைத்தே அமைப்பைக் கட்டி ஹிலாரியைத் தோற்கடித்ததில், டீன் கூட்டம் செய்த நல்லது கெட்டது இரண்டிலிருந்தும் பாடம் படித்திருந்தார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள், தெரியும். வெட்டினாலும் ஜனவரி 19 முடிவுகளையும் அதற்கு முந்தைய கருத்துக்கணிப்பையும் விட்டுவிடாதீர்கள். அச்சில் இடம் இல்லையென்றால் இணையப் பதிப்பிலாவது அந்தப் பெட்டிச் செய்தியில் இரண்டு வரி சேருங்கள்: பேச்சு நடந்தது தோல்விக்குப் பிறகு, அடுத்த வருஷம் அவர் கட்சியின் தேசியக் குழுத் தலைவர். வீடியோவை எடுக்க வேண்டாம், இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்